மேம்பாட்டாளர் கட்டும் பணம், ஊரார் சொல்லும் வேலை

செம்பனைத் தோட்டம் ஒன்று வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறும்போது அந்த நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் உரிமையாளரின் முயற்சியால் மட்டும் வந்ததல்ல. பொதுப் பணத்தில் போட்ட சாலை, பாலம், தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் மேலாக விவசாய நிலத்தில் கட்டடம் கட்டலாம் என்று அரசு தரும் அனுமதி ஆகியவையும் சேர்ந்து ஏற்றிவிட்ட விலை அது. புதிதாக வரும் வீடுகளும் கிடங்குகளும் கனரக லாரிகளும் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கும் கால்வாய்க்கும் பள்ளிக்கும் சுமையாகின்றன. அந்தச் சுமை முதலில் விழுவது அங்கேயே பல காலம் வாழ்ந்தவர்கள் தலையில்தான். இந்த இரண்டு காரணங்களால்தான் மேம்பாட்டாளர்களிடம் கட்டணம் வசூலித்துப் பொது வசதிகளுக்குச் செலவிடும் முறை பல நாடுகளில் வந்தது. எவ்வளவு வசூலிப்பது என்பதைப் பற்றி அரசுகள் நிறையவே யோசித்திருக்கின்றன. வசூலான பணம் எந்த ஊருக்குப் போக வேண்டும், அங்கே எந்த வேலைக்கு என்பதை யார் முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. சிலாங்கூரின் கேரி தீவு இந்த இரண்டு கேள்விகளும் நேருக்கு நேர் வந்து நிற்கும் இடம்.

கேரி தீவு

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கில், கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரித்துவைத்திருக்கும் தாழ்வான நிலப்பரப்பு கேரி தீவு. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலம் வழியாக உள்ளே போகலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே தோட்டம் போட்ட எட்வர்ட் வேலன்டைன் கேரியின் பெயரே தீவுக்கு நிலைத்தது. அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கரை கட்டி மீட்டு, முதலில் ரப்பரும் தென்னையும், பிறகு செம்பனையும் நட்டார்கள். அந்த உழைப்பில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுடையது. கோல்டன் ஹோப் நிறுவனத்தின் கையிலிருந்த தோட்டங்கள் 2007-இல் நடந்த பெரிய இணைப்பில் சைம் டார்பிக்குப் போயின. அந்நிறுவனத்தின் தோட்டப் பிரிவு 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தீவின் நிலத்தில் பெரும்பகுதி இன்றும் அதன் கையில்தான் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் மாரியம்மன் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் தீவில் உண்டு. தமிழர்கள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே வாழ்பவர்கள் மா மெரி பூர்வகுடி மக்கள். மரச் சிற்பத்துக்கும் முகமூடி நடனத்துக்கும் பெயர்பெற்ற அவர்களின் சுங்கை பும்புன் முதலிய கிராமங்கள் தோட்டங்களை ஒட்டியே இருக்கின்றன. முன்னோரை நினைந்து அவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் ஹாரி மோயாங் விழாவுக்கு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

இந்தத் தீவில் கிள்ளான் துறைமுகத்தின் மூன்றாவது பகுதியைக் கட்டலாம் என்ற யோசனை 2017-இல் பெரிதாகப் பேசப்பட்டது. 2018-இல் ஆட்சி மாறியபின் தள்ளிப்போய், பிறகு மீண்டும் பேச்சுக்கு வந்தது. மாநில அரசு தன் பங்குக்கு, சிப்பாங், கோல லங்காட் மாவட்டங்களைச் சேர்த்துத் தென் சிலாங்கூர் ஒருங்கிணைந்த மேம்பாட்டு வட்டாரம் என்ற திட்டத்தை வகுத்திருக்கிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலமும் அதில் அடங்கும். துறைமுகம் மத்திய அரசின் அதிகாரம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். தெருவிளக்கும் சாக்கடையும் 2020-இல் மாவட்ட மன்றத்திலிருந்து தரம் உயர்ந்த கோல லங்காட் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. தோட்டம் துண்டு துண்டாக நகரமாகும்போது பணம் இந்த மூன்று வாசல்களிலும் கட்டப்படும்; குறை சொல்லப் போகிறவர்களும் இந்த மூன்று வாசல்களையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

எந்தப் பணம், எந்தப் பெட்டிக்கு

மலேசியாவில் மேம்பாட்டாளர் கட்டும் தொகை ஒன்றல்ல. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாகவோ தொழில் நிலமாகவோ மாற்ற வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். இது மாநிலக் கருவூலத்துக்குப் போகிற பணம். கேரி தீவில் மாற்றப்பட்ட நிலத்துக்கான பிரீமியம் மாநிலத்தின் இன்னொரு மாவட்டமான சபாக் பெர்ணத்தில் ஒரு சாலைக்குச் செலவாகலாம். அதில் சட்டப்படி தவறில்லை.

இரண்டாவது, மேம்பாட்டுக் கட்டணம். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, அதாவது 172ஆம் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உள்ளூர்த் திட்டமோ அதில் செய்யும் மாற்றமோ ஒரு நிலத்தின் பயன்பாட்டையோ அடர்த்தியையோ கட்டடப் பரப்பையோ மாற்றி அதன் மதிப்பைக் கூட்டினால், அந்தக் கூடுதலுக்காகக் கட்டணம் விதிக்கப்படும். நிலமதிப்பு ஏற்றத்தில் பொதுமக்களுக்குப் பங்கு என்ற கொள்கையை மலேசியச் சட்டத்தில் மிகத் தெளிவாகச் சொல்லும் இடம் இதுதான். விகிதத்தை வகுப்பது மாநில அரசு. கோலாலம்பூருக்கு 172ஆம் சட்டம் பொருந்தாது. அங்குள்ள பிரிக்பீல்ட்ஸில் எழும் கோபுரங்களுக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது.

வடிகால் நீர்ப்பாசனத் துறைக்குக் கட்டும் வடிகால் பங்களிப்பு மூன்றாவது. நான்காவதாக, மேம்பாட்டுப் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற திட்டமிடல் நெறி உண்டு. இது பணமாக அல்லாமல் நிலமாகக் கிடைப்பது. பல குடியிருப்புகளில் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் இப்படி வந்ததுதான்.

அக்கம்பக்கத்து வேலைகளுக்கு மிக நெருக்கமானது ஐந்தாவது நிதி. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, அதாவது 133ஆம் சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றம் சீரமைப்புச் சேவை நிதி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். நகராண்மைக் கழக வட்டாரத்தில் இதை ஐஎஸ்எஃப் என்றே சொல்வார்கள். மேம்பாட்டாளர் கட்டட வரைபட அனுமதிக்கு வரும்போது இந்த நிதிக்குப் பங்களிப்பு வாங்கப்படுகிறது. சாலை, கால்வாய், மதகு, தெரு அழகுபடுத்தல் போன்ற வேலைகளுக்கு இதிலிருந்து செலவிடலாம். பொது வருமானத்தோடு கலந்துபோகாமல் தனிக் கணக்காக நிற்பது இதன் சிறப்பு. ஆனால் அந்தத் தனிக் கணக்கு நகராண்மைக் கழகத்தின் எல்லை முழுவதற்கும் ஒன்றே. பணம் வந்த குடியிருப்பிலேயே அதைச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. செலவிடுமுன் அங்கு வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த இரண்டாவது குறை மலேசியாவில் கூடுதலாக உறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் அவற்றை ஒழித்தேவிட்டது. கழகத்தின் தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. தன் தெருவுக்கு வந்த பணத்தை வேறெங்கோ செலவிட்ட உறுப்பினரை அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்ற வழி குடியிருப்பாளருக்கு இல்லை. ஆகவே வேறு நாடுகளில் தேர்தலுக்குத் துணையாக நிற்கும் கலந்தாலோசனை, இங்கே தேர்தல் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது.

யார் அண்டை நிலத்தார்?

மலேசியச் சட்டத்தில் மக்களைக் கேட்கும் ஏற்பாடே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. உள்ளூர்த் திட்டம் தயாரிக்கத் தொடங்குமுன்பே அதைப் பற்றி விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது 172ஆம் சட்டம். வரைவு முடிந்ததும் குறைந்தது இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றில் ஒன்று தேசிய மொழியில், அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் எழுதித் தரலாம், அது விசாரிக்கப்படும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட மேம்பாட்டுக்கு அனுமதி கேட்டால், 21ஆம் பிரிவின்படி அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்தில் தகவல் போக வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

அண்டை நிலம் எது என்பதையும் அந்தப் பிரிவே வரையறுக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம் ஒன்று. இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ ஒதுக்கு நிலமோ இருந்து, அது இல்லாவிட்டால் ஒட்டியிருக்கக்கூடிய நிலம் இன்னொன்று. முட்டுச் சாலையைப் பகிர்ந்துகொள்ளும் நிலங்களானால் 200 மீட்டர் வரை.

இந்த அளவுகோலைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைக் காட்டை அழித்துக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லயம் நிற்கும் நிலமும் காடு நிற்கும் நிலமும் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. அண்டை நில உரிமையாளர் என்று தகவல் அனுப்ப வேண்டுமானால் அது அந்த நிறுவனத்துக்கே போகும். மூன்று தலைமுறையாக அங்கே சமைத்து, பிள்ளை பெற்று, இறந்தவர்களை அடக்கம் செய்த குடும்பத்துக்குப் பதிவேட்டில் இடமில்லை. பட்டா இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் அண்டைவீட்டுக்காரர் ஆவதில்லை. நகரத்து வீடமைப்புப் பகுதியில் வேலை செய்யும் இந்தப் பிரிவு, தோட்டப்புறத்தில் பேச வேண்டியவர்களையே வெளியே நிறுத்திவிடுகிறது. உடனே திருத்தப்பட வேண்டிய அநீதி இது.

மா மெரி மக்களின் நிலைமையும் இதற்கு நெருங்கியதே. பதிவு செய்யப்பட்ட பட்டா இல்லாமலும் நிலத்தின்மீது உரிமை இருக்க முடியும் என்பதை இதே வட்டாரத்து வழக்கு ஒன்று நிலைநாட்டியது. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் டெங்கில் அருகே புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. சாகோங் தாசியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இழப்பீடு கொடுக்கும் விஷயத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இந்த நியாயம், கலந்தாலோசனைக்கு யாரை அழைப்பது என்ற விஷயத்தில் இன்னும் வந்து சேரவில்லை.

கேட்பதைச் சட்டம் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் கோல லங்காட் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. வடக்கு கோல லங்காட் வன ஒதுக்கீட்டில் 900 ஹெக்டேருக்கு மேல் நீக்கிக் கலப்பு மேம்பாட்டுக்குத் தரும் யோசனை 2020 பிப்ரவரியில் அறிவிப்பாக வந்தது. வன நிலத்தை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சிலாங்கூர் தன் வனச் சட்டத்தில் முன்பே சேர்த்திருந்தது. அதனால்தான் அந்த அறிவிப்பு வெளியே வந்தது. 45,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த கூட்டத்தில் தெமுவான் கிராமத்தாரும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் நேரில் பேசினார்கள். அப்படியும் 2021 ஆகஸ்டில் ஒரு பெரும்பகுதி நீக்கப்பட்டது தெரியவந்து எதிர்ப்பு மூண்டது. செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. கேட்டவுடன் அரசு இணங்கிவிடவில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் எதிர்ப்பதற்கு எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

நியூஹாமும் பினாங்கும்

மேம்பாட்டாளர் பணத்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்துக்கென்றே சட்டத்தில் எழுதிவைத்த நாடு இங்கிலாந்து. 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் வழியே வந்து 2010 முதல் நடைமுறையில் உள்ள சமூகக் கட்டமைப்பு வரி, புதிய கட்டடத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. 2013-இல் வந்த விதிகளின்படி, வசூலில் 15 விழுக்காடு அந்தக் கட்டடம் எழும் வட்டாரத்துக்கே போக வேண்டும். இதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. மக்கள் தாங்களே தங்கள் வட்டாரத்துக்குத் திட்டம் வகுத்து, வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் பங்கு 25 விழுக்காடாக உயர்கிறது, உச்சவரம்பு இல்லாமல். ஒரு மில்லியன் பவுண்டு வசூலானால் 2,50,000 பவுண்டு அந்த வட்டாரத்துக்கு. உட்கார்ந்து யோசித்துத் திட்டம் தீட்டிய ஊருக்குக் கூடுதல் பங்கு என்பது இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி. அதிகாரம் கையில் வருமுன்பே ஊர் அதற்குத் தயாராகிவிடுகிறது.

கிராம மன்றம் இருக்கும் இடங்களில் பணம் அம்மன்றத்தின் கைக்கே போகும். லண்டன் போன்ற இடங்களில் உள்ளூர் மன்றமே பணத்தை வைத்துக்கொண்டு, மக்களைக் கேட்டுச் செலவிட வேண்டும். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் என்று தமிழர்கள் திரளாக வாழும் பகுதிகளைக் கொண்ட நியூஹாம் மன்றம் இதை ஒரு பெரிய முயற்சியாக மாற்றியது. பீப்பிள் பவர்ட் பிளேசஸ் என்ற பெயரில் 2021-இல் தொடங்கிய திட்டத்தில் நியூஹாம் எட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு. வட்டாரத்துக்கு எது முக்கியம் என்று முதலில் குடியிருப்பாளர்கள் கூடிப் பேசினார்கள். அதற்கேற்ப உள்ளூர்க் குழுக்கள் வேலைத் திட்டங்களைத் தந்தன. பிறகு குடியிருப்பாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டிலும் ராயல் டாக்ஸிலும் எழும் உயரமான கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே மேனர் பார்க்கின் பழைய வரிசை வீடுகளில் வாழ்கிற குடும்பத்துக்கும் சம பங்கு கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஏனென்றால் இந்த முறையின் உள்ளேயே ஒரு சாய்வு இருக்கிறது. கட்டடம் எழும் இடத்துக்கே பணம் என்றால், கட்டடம் எழாத ஏழை வட்டாரத்துக்கு எதுவும் வராது. தமிழர் கடைகள் நிறைந்த ஈலிங் ரோடு அமைந்த பிரென்ட் மன்றத்தில் ஐந்து வட்டாரங்கள் உண்டு. விளையாட்டரங்கைச் சுற்றிப் பெருங்கட்டடங்கள் எழுந்த வெம்பிளிக்குக் கிடைக்கும் அளவு மற்ற இடங்களுக்குக் கிடைப்பது கடினம். பணம் உண்டான இடத்துக்குப் போவதா, தேவை உள்ள இடத்துக்குப் போவதா என்பதற்கு ஒரே விடை கிடையாது. சுமையைத் தாங்குகிறவர்களுக்கு ஒரு பங்கு உறுதியாக இருக்க வேண்டும், மீதியைத் தேவை பார்த்துப் பகிரலாம் என்ற போக்கு நியாயத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது. இன்னொரு நல்ல விதியும் இங்கிலாந்தில் உண்டு. எவ்வளவு வசூலானது, எதற்குச் செலவானது, எவ்வளவு மீதி என்பதை ஒவ்வொரு மன்றமும் ஆண்டுதோறும் டிசம்பர் முடிவதற்குள் வெளியிட வேண்டும்.

மக்களைக் கேட்டுப் பொதுப் பணத்தைச் செலவிடும் முறை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் வேர்விட்டது. மலேசியாவில் அதை நடத்திக் காட்டிய மாநிலம் பினாங்கு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் பினாங்குத் தீவு, செபராங் பிறை நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவு முயற்சிக்கு முதல் களங்களாக ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள் அமைந்தன. இங்கே செலவானது மேம்பாட்டாளர் கட்டணமல்ல; கழகத்தின் சொந்தப் பணம். ஆனால் கேட்ட முறை எந்தப் பணத்துக்கும் பொருந்தும்.

முதலில் வீடு வீடாகப் போய் யார் யார் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு ஆண்கள், பெண்கள், முதியோர், இளைஞர், பிள்ளைகள் என்று தனித்தனியாக உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே மண்டபத்தில் எல்லோரையும் கூட்டினால் பேசிப் பழகிய சில ஆண்களின் குரலே தேவையாகப் பதிவாகிவிடும். அதைத் தவிர்க்கவே இந்தப் பிரிப்பு. அடுத்து விளையாட்டுப் பணத்தாள்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, எந்தத் தேவைக்கு எவ்வளவு என்று அவர்களையே பிரித்துப் போடச் சொன்னார்கள். எல்லாம் வேண்டும் என்று சொல்வது எளிது. கையிலிருக்கும் தாள்கள் தீரும்போதுதான் எது முதலில் என்ற யோசனை பிறக்கிறது. கடைசியில் வேலையை நடத்துவதிலும் குடியிருப்பாளர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு, வசதிக் கட்டணம் வசூலிக்க 2008-இல் விதிகள் வந்தன. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானமாக எழுதித் தர வேண்டும். 2022 நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சிகள் தினத்தில் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. பணம் ஒரு பக்கம் சேர்கிறது, மக்கள் இன்னொரு பக்கம் கூடுகிறார்கள். இந்தப் பணத்தைப் பற்றி இந்தச் சபை முடிவெடுக்கும் என்ற இணைப்பு இன்னும் விழவில்லை.

தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்கள்

மக்களைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. கேரி தீவின் நிலம் கடல் ஏற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாத அளவு தாழ்வானது. கரையும் மதகும்தான் அதைக் காக்கின்றன. கடல் வற்றும்போது மதகு வழியே உள்நீர் வெளியேறும். கடல் ஏறும்போது மதகு மூட வேண்டும். ஏற்ற நேரத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் போக வழியின்றி உள்ளேயே தேங்கும். இந்நிலையில் ஒரு பகுதியில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கிடங்கு கட்டினால், அதுவரை அங்கே பரவி நின்ற தண்ணீர் பக்கத்துத் தாழ்விடத்துக்கு நகரும். பக்கத்துத் தாழ்விடம் பெரும்பாலும் பழைய லயமாகவோ பூர்வகுடிக் கிராமமாகவோ இருக்கும். எந்தக் கால்வாய் முதலில் நிரம்புகிறது, எந்த மதகு சரியாக மூடுவதில்லை, பள்ளிக்கூடப் பாதை எந்த மாதத்தில் முழங்கால் தண்ணீரில் மூழ்குகிறது என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்கு மனப்பாடம். வடிகால் பங்களிப்பும் சீரமைப்புச் சேவை நிதியும் எங்கே செலவானால் பலன் கிடைக்கும் என்பதை அலுவலகத்து வரைபடத்தைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் கூட்டம் அவர்கள் வரக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள். வேலை நாளில் நகராண்மைக் கழகம் இருக்கும் பந்திங்கில் நடக்கும் கூட்டத்துக்கு அவர்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடந்தால் குடும்பத்தோடு வருவார்கள். அறிவிப்பு மலாய் நாளிதழில் வந்தால் சட்டம் நிறைவேறிவிடும். தமிழிலும் மா மெரி மக்களுக்குப் புரியும் எளிய மலாயிலும் லயத்துப் பலகையில் ஒட்டினால்தான் செய்தி போய்ச் சேரும். சிலாங்கூரில் மாநில அரசு நியமிக்கும் இந்திய சமூகத் தலைவர்களும் பூர்வகுடிக் கிராமங்களின் பாத்தின் தலைவர்களும் இதற்குப் பாலமாக இருக்கலாம். ஆனால் அவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊரைக் கேட்டதாக எழுதிக்கொள்ளக் கூடாது. இப்போது தோட்ட வேலையில் பெரும்பங்கு வகிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அதே சாலை, அதே கால்வாய்தான். வாக்குரிமை இல்லாதவர்கள் என்பதற்காக அவர்களின் தேவையை விட்டுவிட முடியாது.

பணத்தின் தன்மையையும் கூட்டத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேம்பாட்டாளர் கட்டணம் ஒருமுறை வருவது. கால்வாய்க்கு மூடி போடலாம், மதகை மாற்றலாம், திடலுக்கு விளக்குப் போடலாம், பாலர் பள்ளிக்கு நடைபாதை அமைக்கலாம். மாதாமாதம் சம்பளம் தர வேண்டிய வேலைகளை இதை நம்பித் தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் கதவு மூடிக் கிடக்கும். பராமரிப்புக்குக் கழகத்தின் மதிப்பீட்டு வரிப் பணத்தில் இடம் ஒதுக்கிய பிறகே வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லயத்து மக்களின் முதல் கோரிக்கை சொந்த வீடாகத்தான் இருக்கும். அதை இந்தச் சிறிய நிதியில் தீர்க்க முடியாது. 40 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். வீட்டுரிமையையும் கோயில், பள்ளி நிலத்தையும் அழுத்திக் கேட்க வேண்டிய கட்டம் அதுதான். தெருவிளக்குக் கூட்டம் வரை அதைத் தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும்.

இவற்றில் பலவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சீரமைப்புச் சேவை நிதியை வட்டார வாரியாகக் கணக்கு பிரித்து எழுத நகராண்மைக் கழகம் தன் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம். கேரி தீவு ஒரு வட்டாரம் என்று வகுத்து, அங்கே வசூலானதில் ஒரு பங்கு அங்கேயே செலவாகும் என்று அறிவிக்கலாம். ஆண்டுக் கணக்கைப் பலகையில் ஒட்டலாம். 172ஆம் சட்டத்தின் 21ஆம் பிரிவில் நில உரிமையாளர் என்பதோடு அங்கே குடியிருப்பவரையும் சேர்ப்பதற்கு மட்டும் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். அது வரும்வரை, குடியிருப்போருக்கும் தகவல் அனுப்புவதைத் திட்டமிடல் அதிகாரி நடைமுறையாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்பளித்து, திட்டமிடல் அதிகாரி தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றது. வேறு சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பானாலும், கட்டணப் பணத்தை ஓர் ஊருக்கு ஒதுக்கும்போதும் ஒதுக்க மறுக்கும்போதும் எழுத்தில் காரணம் கேட்க மக்களுக்கு அது வலுவான துணை.